மூடிய கூட்டத்துக்கு வெளியே

அந்தக் குழுவைக் கண்டுபிடித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டால், "அண்ணனாலதான் இன்னிக்கு உயிரோட கீறேன்" என்று பழவேற்காட்டுக்காரர் ஒருவரைக் காட்டுவார். அந்த அண்ணனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது யார் என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார்.

அரசு ஆஸ்பத்திரியில் அவருக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். மாத்திரை கொடுக்கும் ஜன்னல் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குடியை நிறுத்த ஆசையா, எங்கள் குழுவின் இந்த எண்ணில் பேசுங்கள், கட்டணம் கிடையாது என்று போட்டிருந்தது. பாதி கிழிந்து, மேலே யாரோ பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள். எண்ணை என் போனில் 'கேஸ் ஏஜென்சி' என்று பதிந்துகொண்டேன். அவர் என் போனை நோண்டுவார், கேஸ் ஏஜென்சிக்கு மட்டும் அவர் எந்தக் காலத்திலும் போன் போட்டதில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மின்சார சுவிட்சு செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஸ்பிரிங்கை உட்கார்த்தி, மூடியைப் பொருத்தி, இரண்டு முறை தட்டிப் பார்த்து பெட்டியில் போடவேண்டும். மறுநாள் டீ இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர், "உங்க ஊட்டுக்காரரு பேசணும்மா, நீங்க பேசினா செல்லாது" என்றார். பதினெட்டு வருடமாக அவருக்காக எல்லாரிடமும் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரிக்கு போன் போட்டு, அவருக்கு வயிற்றுப்போக்கு, எழுந்திருக்க முடியவில்லை என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். இதற்கு மட்டும் நான் செல்லாதாம்.

அவர் அப்போது ஒரு இரும்பு மில்லில் கிரேன் ஓட்டுகிறவர். ஓட்டியவர் என்று சொல்லவேண்டும். கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டு கிரேனிலிருந்து கீழே இறக்கி, துண்டுக் கம்பி பொறுக்கும் வேலைக்கு விட்டிருந்தார்கள். அந்த அவமானத்தில்தான் குழுவுக்கு வர ஒத்துக்கொண்டார். அதுவும் நம் ஊரில் வேண்டாம், மில்லுக்காரன் எவனாவது பார்த்துவிடுவான் என்றார். அதனால் பொன்னேரி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிறது என்று சொன்னார்கள். முதல் நாள் ரயிலில், "கவரப்பேட்டைல எறங்கிடுவேன், பாத்துக்க" என்று மிரட்டிக்கொண்டே வந்தார். கவரைப்பேட்டையில் வண்டி நின்றபோது அவர் சட்டையின் பின்பக்கத்தை என் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள்.

பள்ளிக்கூட வாசலில் அந்தப் பழவேற்காட்டுக்காரர் நின்றிருந்தார். கறுத்து, அகலத் தோள், வாய் நிறைய பாக்கு. படகும் வலையுமாக இருந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும், "வா நைனா, உனக்காவத்தான் நின்னுகினு கீறேன்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். பெற்ற தகப்பன் செத்தபோது கூட யார் தோளிலும் சாயாத மனிதர், முன்பின் தெரியாத ஆளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் கூடவே உள்ளே போகக் காலை எடுத்து வைத்தேன்.

"தங்கச்சி, நீ வெளிய குந்தும்மா. இன்னிக்கி க்ளோஸ்டு மீட்டிங். குடிநோயாளிங்க மட்டும்தான்."

குடிநோயாளி. நான் இத்தனை வருடமும் குடிகாரன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். இவர்கள் ஒரே நிமிடத்தில் அவரை நோயாளி ஆக்கிவிட்டார்கள், என்னமோ டைபாய்டு வந்து படுத்தவர் மாதிரி. நோயாளிக்கு ஹார்லிக்ஸ் கொடுப்பார்கள், கூட இருந்து பார்த்தவளுக்கு வாசற்படி.

"ஊட்டுக்காரங்களுக்குன்னு தனியா ஒரு குரூப்பு கீது, மெட்ராஸ் பக்கம். நம்பர் தரட்டா?" என்று அந்த அண்ணன் கேட்டார்.

"எனக்கின்னா நோயி?" என்றேன். அவர் பாக்கைத் துப்பிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஒரு வருடமும் அந்த வாசற்படிதான் என் இடம். அவர் தனியாகப் போய்வருவார் என்று நம்பிக்கை வரவில்லை, வழியில் எத்தனை கடைகள். அதனால் கூடவே போவேன். பொன்னேரி மார்க்கெட்டில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு போய், கூட்டம் முடிவதற்குள் உருவி முடித்துவிடுவேன். உள்ளே இரண்டாம் வகுப்பு. சுவரில் காய்கறிப் படம். ஐம்பது வயது ஆண்கள் குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஜன்னல் கதவு சரியாக மூடாது. அதற்கு நான் பொறுப்பில்லை.

எழுந்து பேசுகிற ஒவ்வொருத்தரும், "என் பேரு இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார்கள். உடனே எல்லாரும் சேர்ந்து, "வணக்கம்!" என்பார்கள், டீச்சர் வந்ததும் பிள்ளைகள் சொல்வது போல. பேசி முடித்தால், "நன்றி!" அவ்வளவுதான். யாரும் புத்தி சொல்வதில்லை, யாரும் திட்டுவதில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, பேர் சொல்லக்கூடாது என்பது அவர்கள் சட்டம். நானும் இதில் யார் பேரையும் எழுதவில்லை. என் வீட்டுக் கதையை மட்டும் எழுதுகிறேன், அதைச் சொல்ல எனக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

அவர் நிறுத்திவிட்டார். அதை மறைக்க முடியாது. முதல் இரண்டு வாரம் வியர்த்து, நடுங்கி, சட்டைப் பித்தானைக் கூடப் போடமுடியாமல் இருந்தார், நான்தான் போட்டுவிட்டேன். பிறகு தெளிந்தது. ஆறாம் மாதம் மில்லில் மறுபடி கிரேனில் ஏற்றினார்கள். என் மாமியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள், மேஸ்திரி தான் போட்ட சத்தத்தில் திருந்தினான் என்றார், இவர் அந்த அண்ணனால்தான் என்றார். சட்டைப் பித்தான் யார் கணக்கிலும் வரவில்லை.

தினமும் காலையில் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் குழாயடியில் நின்று அந்த அண்ணனுக்கு போன் போடுவார். அவர்தான் இவருக்கு ஸ்பான்சராம், குடிக்கத் தோன்றினால் முதலில் கூப்பிடவேண்டிய ஆள். ஸ்பான்சர் என்றால் எனக்குத் தெரிந்தது திருவிழா பேனரில் கைகூப்பிக்கொண்டு நிற்கும் ஆள்தான். இந்த ஸ்பான்சரிடம் இவர் எல்லாம் சொல்வார். தூக்கம் வந்ததா, கனவில் என்ன வந்தது, நேற்று யார் மேல் கோபம், எல்லாம். "நேத்து காரக்கொழம்புண்ணா, நல்லா துன்னேன்" என்று ஒருநாள் சொன்னார். அந்தக் காரக்குழம்பை வைத்தவள் ஈரத்துணியோடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னிடம் தட்டை நீட்டும்போது அவர் வாயில் இருந்து வந்தது "போதும்" என்ற ஒரு சொல்தான். அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ சொல்ல, இவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு எழுதலாம்தான், ஆனால் எரிந்தது என்பதுதான் சரி.

இன்னொரு பொம்பளையாக இருந்திருந்தால் தேவலை என்று கூட நினைத்திருக்கிறேன். அவள் முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம், தெருவே என் பக்கம் நின்றிருக்கும். புருஷனைத் திருத்தின ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? கம்பெனியில் பக்கத்து சீட்டுக்காரியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "குடிக்கல, அடிக்கல, சம்பளம் தராரு. உனக்கு இன்னாதான்டி பேஜாரு?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

என் மகளும் மாறினாள். பிளஸ் டூ படிக்கிறாள். முன்பெல்லாம் அவர் வரும் சத்தம் கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள். இப்போது கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறாள். சந்தோஷப்படவேண்டிய விஷயம். பட்டேன், முக்கால்வாசி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்பதாம் மாதம் நடந்தது.

அதைச் சொல்ல மகளின் மஞ்சள் நீராட்டைச் சொல்லவேண்டும். நான்கு வருடத்துக்கு முந்தியது. மண்டபத்தில் என் அண்ணன்மார் சீர்த்தட்டோடு வரிசையில் நிற்க, இவர் குடித்துவிட்டு வந்து மேடைப்படியில் விழுந்தார். வேட்டி அவிழ்ந்துவிட்டது. நான் மேடையில் இருந்து இறங்கி, அத்தனை சொந்தத்தின் முன்னாலும் குனிந்து, அவருக்கு வேட்டியைக் கட்டிவிட்டேன். மகள் மணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல" என்றார். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை கேட்டேன், அழுது கேட்டேன், திட்டிக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில். சரி, போதையில் இருந்தவருக்கு எப்படி நினைவிருக்கும் என்று கடைசியில் விட்டுவிட்டேன். மன்னிப்பு கேட்கவில்லையே என்ற வருத்தம் கூட அப்படித்தான் அடங்கிப்போனது. நினைவில்லாத ஆள் எதற்கு மன்னிப்பு கேட்பார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் கீரையோடு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவர் குரல். மஞ்சத்தண்ணி விழா என்று ஆரம்பித்தார். எந்தப் படியில் விழுந்தார், யார் யார் சிரித்தார்கள், என் பெரிய அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாம் வரிசையாக வந்தது. "எம் பொண்டாட்டி பச்சப் பட்டு கட்டியிருந்தா. குனிஞ்சி எனக்கு வேட்டி கட்டிவிட்டா. அவ கை நடுங்குச்சி. அது எனக்கு நல்லா தெரிஞ்சிது. தெரிஞ்சும் கண்ண மூடிக்கினேன். அடுத்த நாளு நெனப்பில்லன்னு பொய் சொன்னேன். இன்னிக்கி வரிக்கும் அதே பொய்தான் சொல்லிக்கினு கீறேன்."

"நன்றி!" என்றார்கள் எல்லாரும்.

என்ன நன்றி? அது என்னுடைய சொத்து. நான்கு வருடமாக நான் கையேந்தி நின்ற ஒன்றை, பொன்னேரியில், முகம் தெரியாத இருபது பேருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார். அவர்களும் மூன்று எழுத்தைச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கீரைக் காம்பையும் இலையையும் ஒன்றாகவே பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். ரயிலில் அவர் இன்றைக்கு மனசு லேசாக இருக்கிறது என்றார். இருக்காதா பின்னே? நான் என்னிடமும் சொல்வார் என்று வீடு வரைக்கும் காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். ஒரு மாதம் போயிற்று. சொல்லவில்லை.

குடித்த நாட்களில் அவருக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. விழுந்தால் நான் தூக்க வேண்டும், வாந்தியெடுத்தால் நான் துடைக்க வேண்டும். அசிங்கமான சொந்தம்தான், ஆனால் முழுக்க முழுக்க என்னுடையது. இப்போது அவரைத் தூக்க ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. அந்த எண்ணம் ஒருமுறை வந்ததும் போகவில்லை. ஸ்பிரிங் உட்கார்த்தும்போதும் அதுதான், மூடி பொருத்தும்போதும் அதுதான்.

கம்பெனியில் கரண்ட் போய் மத்தியானமே விட்டுவிட்ட ஒருநாள், ஒயின்ஷாப்புக்குப் போனேன். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டேன். ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதுதான் கூச்சமாக இருந்தது. எந்தப் பிராண்டு என்று கேட்டதும் யோசிக்காமல் சொன்னேன். அவர் குடிப்பது எது என்று என்னை விட யாருக்குத் தெரியும்? அந்த குவார்ட்டர் இரண்டு நாள் என் பெட்டியில் ரவிக்கைகளுக்கு நடுவில் இருந்தது. மூன்றாம் நாள் காலை அவர் ஷிப்டுக்குப் போனபிறகு, பரணில் இட்லிக் குண்டானுக்குப் பின்னால் வைத்தேன். அது அவருடைய பழைய ஒளிவிடம். அங்கிருந்து நான் எத்தனையோ பாட்டிலை எடுத்து சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். கிளம்பும்போது அவருக்கு போன் போட்டு, "வந்ததும் அந்தக் குண்டான எறக்கி வெய்யி, நாளைக்கி இட்லி ஊத்தணும்" என்றேன். சரி என்றார்.

சோதிக்கத்தான் வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் விழ வேண்டும், நான் தூக்க வேண்டும். அதற்குத்தான் வைத்தேன்.

அவருக்கு இரண்டு மணிக்கு ஷிப்டு முடியும். இரண்டரைக்கு வீட்டில் இருப்பார். எனக்கு ஐந்தரை வரைக்கும் வேலை, போன் லாக்கரில். இரண்டரை ஆனதும் ஸ்பிரிங் தெறித்துத் தெறித்துக் கீழே போனது. சூப்பர்வைசர் பெண் வந்து, காய்ச்சலா அக்கா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம் கம்பெனி வண்டி தெருமுனையில் நின்றதும் ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. திறந்தால், குண்டான் தரையில் இருந்தது. சமையல் மேடையில், நட்ட நடுவில், பாட்டில். சீல் உடைக்கவில்லை. அவர் இல்லை, போனும் எடுக்கவில்லை. வீட்டில் குடிக்கக் கூசி கடைக்கே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அவர் மேல் ஆசைப்பட்டதிலேயே அதிகம் ஆசைப்பட்டது அந்த அரைமணி நேரம்தான். குடிக்காமல் வந்துவிடு, போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். கூட அந்த அண்ணன். பாட்டிலைப் பார்த்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்கு பஸ் ஏறியிருக்கிறார். பாட்டில் இருக்கும் வீட்டுக்குள் தனியாக நுழையப் பயந்து அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"எப்பவோ நான்தான் ஒளிச்சி வெச்சிருக்கேன். சுத்தமா மறந்துட்டேன். கையில எடுத்துட்டேன், தொறக்கல. சத்தியமா தொறக்கல. ஒனக்குத் தெரியாம ஊட்ல இத்த வெச்சிகினு இருந்திருக்கேன் பாரு. என்ன மன்னிச்சிடு."

பதினெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் முதல்முறையாகக் கேட்டேன். வீடெல்லாம் பாட்டிலை ஒளித்து ஒளித்து, இது தன்னுடையதில்லை என்ற சந்தேகமே அவருக்கு வரவில்லை. எத்தனையோ குற்றம் செய்தவர், செய்யாத ஒன்றுக்கு என்னிடம் மன்னிப்பு கேட்கிறார். நான் என்ன செய்தேன்? "சரி, உடு" என்றேன். வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் மேடையில் இருந்த பாட்டிலை எடுத்தார். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். பரணில் வருடக்கணக்காகக் கிடந்த பொருளில் தூசு இருக்கவேண்டும். விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்தா தங்கச்சி, நீயே ஊத்திடு" என்று என் கையில் கொடுத்தார். ஊற்றினேன். அந்த வாடை இரண்டு நாள் போகவில்லை. கிளம்பும்போது, "அடுத்த மாசம் இவனுக்குப் பொறந்தநாளு. ஓபன் மீட்டிங். நீயும் உள்ள வந்து ரெண்டு வார்த்த பேசணும்" என்றார்.

குடியை நிறுத்தி ஒரு வருடம் ஆனால் அதை அவர்கள் பிறந்தநாள் என்பார்கள். கேக் வெட்டுவார்கள், குடும்பத்தை உள்ளே கூப்பிடுவார்கள். அந்த ஒரு மாதமும் இவர் ஒளித்துவைத்த பாட்டில் கதையை ஞாயிற்றுக்கிழமைதோறும் சொன்னார். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லச் சொல்லி மற்றவர்களே கேட்டார்கள். வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் கேட்டேன். அது என் கதை, அதையும் அவரே வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு மட்டும் தெரியும். என்னுடைய ரகசியமும் அந்த மனிதரிடம்தான் போய்ச் சேர வேண்டுமா என்று அதற்கும் ஒரு எரிச்சல்.

பிறந்தநாள் அன்று பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான். அவர் பார்த்தார். மகளுக்கு டியூஷன், வரவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்த இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்து குழந்தைகளின் பெஞ்சில் உட்கார்ந்தேன். கேக்கில் ஒரே ஒரு மெழுகுவத்தி. இவர் பேசினார், எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அண்ணன் என்னைப் பார்த்து, "தங்கச்சி" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு உதவி செய்த அனைவருக்கும் நன்றி என்று ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். எழுந்தேன். கைகூப்பினேன். பேரைச் சொன்னேன். அப்புறம் என் வாயில் வந்தது இது:

"நான் ஒரு குடிநோயாளி."

"வணக்கம்!" என்றார்கள் எல்லாரும்.

ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை, பழக்க தோஷம். என்ன சொன்னேன் என்று எனக்குப் புரியவே கொஞ்சம் நேரம் ஆனது. வாரா வாரம் ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டு, எழுந்து நின்றால் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நாக்குக்குப் பழகிவிட்டது. கடைசி பெஞ்சில் ஒருத்தர் முதலில் சிரித்தார், பிறகு அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்த வணக்கம் எனக்கு உள்ளே போய்விட்டது. இத்தனை நாள் கதவுக்கு வெளியே இருந்து பொறாமைப்பட்டது இதற்குத்தான். இதை வாங்கினவர்களுக்கு ஏன் வாய் திறந்துகொள்கிறது என்று அப்போது தெரிந்தது, ஏனென்றால் எனக்கும் திறந்துகொண்டது.

"அந்த பாட்டில அவரு ஒளிச்சி வெக்கல. நான்தான் கடைக்கிப் போயி வாங்கியாந்தேன். நான்தான் பரண்ல வெச்சேன். குண்டான எறக்குன்னு போன் போட்டு சொன்னதும் நான்தான். உங்க எல்லார் மேலயும் எனக்குப் பொறாம. அவரு திரும்பவும் குடிக்கணும்னு நெனச்சேன்."

சிரித்த முகமெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் கையில் கேக் வெட்டிய பிளாஸ்டிக் கத்தி இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன்.

"நன்றி" என்றார் அண்ணன், தனியாக. அதற்குப் பிறகு மற்றவர்களும் சொன்னார்கள்.

திரும்பும் ரயிலில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இன்றைக்குக் குடித்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஒரு வருடத்தை நானே ஒரு நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டேன். கும்மிடிப்பூண்டி வந்தது. அதுதான் கடைசி ஸ்டேஷன். பெட்டியில் இருந்த எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை, அதனால் நானும் எழுந்திருக்கவில்லை.

"இத்த மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார். "ஒரு மாசமா பக்கத்துலயே கீறேன். அவங்க அத்தினி பேரு முன்னாடி சொல்ற. எங்கிட்ட சொல்லத் தோணல இல்ல ஒனக்கு?"

நான் அவரையே பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாக நான் வைத்துக்கொண்டிருந்த முகம் அது. அந்தக் கேள்வி கூட என்னுடையது, ஒரு எழுத்து மாறாமல். கேட்க நாள் பார்த்து நான் அடக்கி வைத்திருந்ததை அவர் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்.

"பச்சப் பட்டு, வேட்டி, எம் பெரிய அண்ணன் மொகத்த திருப்பினது," என்றேன். "அந்த ஜன்னலு சரியா மூடாது."

மேலே அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது, இதே வண்டி திரும்பவும் சென்னைக்குப் போகிறது என்று. புதிதாக ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். அவர் எழுந்து என் பையை எடுத்துக்கொண்டார். இறங்கினோம். பிளாட்பாரத்தில் இரண்டடி நடந்து நின்றார்.

"நான் மண்டபத்துல வியுந்ததுல இருந்து சொல்லட்டா?" என்றார். "இல்ல, அதுக்கு முன்னாடி இருந்தா?"

"முன்னாடி இருந்து," என்றேன். அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தோம்.